மஞ்சள், சிவப்பு, கறுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். வயசு 26. ஓ.எம்.ஆரில் வேலை. வந்தவன் உட்காரவில்லை, காபியைத் தொடவில்லை. செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மாமா, பாருங்க. சகிக்குதா?"

வரன் பார்க்கிற வயசு. அக்கா ஏதோ பெண் ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முகத்தில் உரிய மரியாதையை வரவழைத்துக்கொண்டு பார்த்தேன்.

கம்ப்யூட்டர்.

ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலமும் பச்சையுமாக விளக்குகள். மூன்று விசிறிகள் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றுகின்றன. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நடுவுல பாருங்க மாமா. அந்த ஒயரு!"

பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று ஒரு கத்தை ஒயர், கீழிருந்து கிளம்பி மதர்போர்டில் போய்ச் செருகியிருந்தது. அவ்வளவுதான். அதற்காக ராத்திரி தூக்கம் வரவில்லையாம். அமெரிக்காவில் இந்தக் கலரை 'கெட்சப் - கடுகு' என்று கேலி செய்கிறார்களாம். அதனால் எஸ்.எம்.பி.எஸ்ஸையே மாற்றிவிட்டு, ஒயரெல்லாம் கறுப்பாக வருகிற புதுசு ஒன்று வாங்கப் போகிறான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை விசாரித்துவிட்டான். 9,000 ரூபாய்.

"பழசுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்ல மாமா. நல்லாத்தான் ஓடுது. வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு. இன்னும் மூணு வருஷம் வாரன்ட்டி இருக்கு."

சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

* * *

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அழகுக்குச் செலவு செய்வது தப்பே இல்லை. நாங்களெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன தலைமுறை. பெட்டி சாம்பல் நிறம். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைமேல் வீட்டில் பின்னிய பூப்போட்ட துணி. உள்ளே என்ன கலர் ஒயர் ஓடியது என்று பார்த்தவர், ரிப்பேருக்கு வந்த ஆள் மட்டும்தான். இவன் தலைமுறை, சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்துவிட்டது. கண்ணாடி வைத்த பிறகு சமையலறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நியாயம்தான்.

ஆனால் அந்தக் கலர்கள் அசிங்கத்துக்காக வைத்தவை அல்ல. 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்கிற அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களின் சப்ளை அந்த வம்சம்தான். அதில் மஞ்சள் என்றால் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்பு என்றால் எர்த் மாதிரி, கரண்ட் திரும்பி வருகிற வழி. ஊதா, நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் விழித்திருக்கிற 5 வோல்ட். பச்சை, முன்பக்கப் பட்டனை அழுத்தியதும் 'எழுந்திரு' என்று சொல்கிற ஒயர். சாம்பல், 'எல்லாம் சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்' என்று பதில் சொல்கிற ஒயர்.

ரிப்பேர்க்காரர் மீட்டரை எடுக்காமலேயே கண்ணால் படித்துவிடுவார். எல்லாவற்றையும் கறுப்பாக்கினால் அழகு வரும். ஆனால் எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு அட்டையை மட்டும் பளபளப்பாக்கிய புத்தகம் மாதிரி ஆகிவிடும். இது பின்னால் முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது? கல்யாண வீட்டில் பின்கட்டில் இருக்கிற சமையல்காரர் மாதிரி. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மூட்டை அரிசி. அதை அப்படியே இலையில் கொட்ட முடியாது. முதலில் அதை ஒரே திசையில் ஓடும் கரண்டாக மாற்றி, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக இறக்கி, 12, 5, 3.3 என்று பதமாக வடித்துக் கொடுக்கிறது. கரண்ட் கண் சிமிட்டினாலும் ஒரு வினாடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்குள் யு.பி.எஸ். ஓடிவந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

ஒயர்கள் யார்? பரிமாறுகிறவர்கள். பரிமாறுகிறவர் வேட்டி பளிச்சென்று இல்லை என்பதற்காகச் சமையல்காரரையே மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

"இல்ல மாமா, புதுசு கோல்டு. என்னுது வெறும் பிரான்ஸ். கரன்ட் பில்லும் குறையும்" என்றான் பையன். ஆசைப்பட்ட பொருளுக்குப் பொருளாதாரக் காரணம் கண்டுபிடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நானும் ஸ்கூட்டர் வாங்கியபோது பெட்ரோல் கணக்குத்தான் சொன்னேன்.

சரி என்று பேப்பரை எடுத்து, கணக்குப் போட்டோம்.

பிரான்ஸ், கோல்டு என்பது '80 பிளஸ்' என்று 2004-ல் ஆரம்பித்த தரச்சான்று. சுவரிலிருந்து இழுக்கிற கரண்டில் எவ்வளவு உருப்படியாகப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதற்கு மார்க். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 சதவிகிதம் வேண்டும். கோல்டுக்கு 90. நம் ஊர் 230 வோல்ட்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போகட்டும்.

இவனுடைய கிராபிக்ஸ் கார்டு 115 வாட். பிராசஸர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால் 90. மற்ற சில்லறை எல்லாம் சேர்த்து 250 என்று தாராளமாகவே வைத்தோம். பிரான்ஸ் என்றால் சுவரிலிருந்து 294 வாட் இழுக்கும். கோல்டு 278. வித்தியாசம் 16 வாட். தினமும் 4 மணி நேரம் கேம் ஆடினால் வருஷத்துக்குச் சுமார் 24 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 192 ரூபாய்.

9,000-ஐ 192-ஆல் வகுத்தேன். 47 வருஷம்.

"உனக்கு 73 வயசு ஆகும்போது லாபம் ஆரம்பிக்கும்டா" என்றேன். பேப்பரை வாங்கி, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அதே 47 வந்தது. காபியைக் குடித்தான்.

* * *

அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மாற்ற நாலு காரணங்கள் உண்டு. ஆபீஸ் கான்டீனில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

ஒன்று, வயசு. வாரன்ட்டி முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. உள்ளே இருக்கிற கெபாசிட்டர்கள் சூட்டில் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும். நமக்கு முழங்கால் மாதிரி.

இரண்டு, சுமை. பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்கள், பழையது தாங்காது.

மூன்று, அறிகுறி. கேம் ஆடும்போது மட்டும் தானாக அணைந்து எழுந்திருக்கிறது, விசிறி கரகரக்கிறது, தீய்ந்த வாசனை வருகிறது. இதில் கடைசியானது வந்தால், மாற்றலாமா என்று யோசிக்காதீர்கள். சுவிட்சை அணையுங்கள்.

நான்கு, பெட்டியோடு சும்மா வந்த எஸ்.எம்.பி.எஸ். இதுதான் நம் ஊரில் மிக முக்கியம். வெளியே '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12 தரம் 18, மொத்தம் 216 வாட்தான் அந்த லைனில் வரும். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். பெயர் ஆனை, உடம்பு பூனை.

இந்த நாலில் ஒன்று இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். அப்போது கறுப்பு ஒயர் வருகிறதா என்று பார்த்து வாங்கினால், அழகும் கூடவே இலவசமாக வந்துவிடும். நாலும் இல்லை என்றால்? சமையல்காரர் இருக்கட்டும். வேட்டியை மாற்றுவோம்.

* * *

வேட்டி மாற்ற வழி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் கேபிள் என்று கேளுங்கள். துணி உறை போட்டு, கறுப்போ வெள்ளையோ, வேண்டிய நிறத்தில் சுமார் ஒரு அடி நீளத்துக்கு வருகிறது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஒயர் எங்கே முடிகிறதோ அங்கே செருகி, மறுமுனையை மதர்போர்டில் செருக வேண்டியது. பழைய கலர் ஒயர்கள் பின்பக்கத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொள்ளும். கண்ணாடி வழியாகத் தெரிவது அழகான பகுதி மட்டும்.

பையனின் பெட்டியில் அளந்து பார்க்கச் சொன்னேன். மதர்போர்டுக்குப் போகிற பெரிய 24 முள் ஒயர், பிராசஸருக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்று. கண்ணாடியில் தெரிகிற பாகம் எல்லாம் சேர்த்து மூன்று சாண்கூட இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியோ அடியில் தகடு போட்டு மூடியிருக்கிறது, கண்ணிலேயே படாது. அதாவது 9,000 ரூபாய்க்கு வாங்கப்போகிற பொருள், கோஷா முறையில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்!

எக்ஸ்டென்ஷன் செட்டுக்குக் கடையில் சொன்ன விலை 1,800.

அதிலும் சில ஜாக்கிரதைகள் உண்டு. பிராசஸருக்குப் போகிற 8 முள்ளும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற 8 முள்ளும் பார்ப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கிற வரிசையில் மற்றதில் எர்த் இருக்கும். தப்பாகச் செருக முடியாதபடி முள் வடிவத்தை மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் ரேஷன் கடைக் கூட்டத்தில் புகுவது மாதிரி அமுக்கிப் புகுத்திவிடுவோம். போகவில்லை என்றால் போகக்கூடாது என்று அர்த்தம்.

போனால் 'க்ளிக்' என்று கொக்கி மாட்டுகிற வரைக்கும் போக வேண்டும். 2022-ல் பெரிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கென்று 600 வாட் வரை தாங்கும் 16 முள் செருகி ஒன்று வந்தது. அந்த வருஷமே சில இடங்களில் அது உருகிப்போனதாகச் செய்தி வந்தது. விசாரித்தபோது முழுசாகச் செருகாமல் விட்டது ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. 2023-ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அந்த மாதிரி கார்டு வைத்திருக்கிறவர்கள், அழகு ஒயரெல்லாம் நடுவில் போடாமல் கூட வந்த ஒயரையே செருகிவிட்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டு ஆடலாம்.

இன்னொன்று. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து, ஒயருக்கு உறை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். திறந்தால் வாரன்ட்டி போய்விடும். அது பரவாயில்லை. உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். உயிர் போனால் எந்தக் கடையிலும் ரீப்ளேஸ்மென்ட் கிடையாது.

* * *

இப்போது ஆரம்பத்தில் சொன்ன காரணம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸில் மாடுலர் என்று ஒரு ஜாதி உண்டு. ஒயர்கள் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற மாதிரி வரும். வேண்டியதை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். வசதி. பையன் வாங்க நினைத்ததும் அதுதான். அவனுடைய நண்பன் ஒருவன், "புதுசே வாங்க வேணாம்டா, என்கிட்ட பழைய மாடுலர் ஒண்ணு இருக்கு, ஒயர் மட்டும் வேற ஒருத்தன்கிட்ட கறுப்புல வாங்கிக்கலாம்" என்று யோசனை வேறு சொல்லியிருந்தான்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும்தான் நான் சிரிப்பை நிறுத்தினேன்.

ஒயரின் ஒரு முனை, மதர்போர்டுக்கோ ஹார்ட் டிஸ்குக்கோ போகிற முனை, உலகம் முழுக்க ஒரே மாதிரி. மறுமுனை, எஸ்.எம்.பி.எஸ்ஸில் செருகுகிற முனைக்கு, பொதுவான விதியே இல்லாமல் இருந்துவருகிறது. கம்பெனிக்குக் கம்பெனி எந்த முள்ளில் எத்தனை வோல்ட் என்பது மாறும். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறுவது உண்டு. ஆனால் செருகி பார்க்க ஒரே அச்சு. ஆறு முள் என்றால் ஆறு முள். சொகுசாக உள்ளே போகும். க்ளிக் என்றும் கேட்கும்.

2016-ல் என் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினேன். இரண்டும் மாடுலர். ஹார்ட் டிஸ்குக்குப் போகிற ஒயரைப் பழைய பெட்டியிலிருந்து உருவி அப்படியே புதுப் பெட்டியில் செருகினேன். தகட்டுக்குப் பின்னால் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்த ஒயர், அவிழ்க்க மனசு வரவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. இரண்டு ஒயரும் கறுப்பு. கலர் இருந்திருந்தால், மஞ்சள் இருந்த ஓட்டையில் சிவப்பு நிற்பது கண்ணில் பட்டிருக்கும். படவில்லை. 5 வோல்ட் போக வேண்டிய முள்ளில் 12 வோல்ட் போனது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஊதுவத்தி அணைத்தால் வருகிற மாதிரி ஒரு வாசனை. அவ்வளவுதான்.

அந்த டிஸ்கில் என்ன இருந்தது? ஆபீஸ் கணக்கு இருந்தது, போகட்டும். சினிமா இருந்தது, போகட்டும். 2014 பொங்கலுக்கு அப்பா திண்ணையில் உட்கார்ந்து, தான் பட்டணத்துக்கு வேலை தேடி வந்த கதையைச் சொன்னார். 40 நிமிஷம். நடுவில் இரண்டு தடவை இருமுவார். "தண்ணி கொண்டா" என்பார். செல்போனில் பதிவு செய்து டிஸ்கில் போட்டு, செல்லில் இடம் இல்லை என்று அங்கே அழித்துவிட்டேன். அடுத்த வருஷம் அப்பா இல்லை.

டேட்டா எடுத்துத் தருகிறவரிடம் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "ஸாரி சார்" என்று பாலிதீன் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். காசுகூட வாங்கவில்லை. அந்தக் கவர் இன்னும் பீரோவில் இருக்கிறது.

இதைச் சொன்னபோது பையன் பேசவில்லை. அவன் மாடுலரே வாங்கினாலும் தப்பில்லை. பெட்டியோடு வந்த ஒயரை மட்டும் போட வேண்டும். வேறு ஒயர்தான் வேண்டும் என்றால், அந்த மாடலுக்கு என்று பெயர் குறிப்பிட்டு விற்பதை மட்டும் வாங்க வேண்டும். 'இதுவும் செட்டாகும் சார்' என்று கடைக்காரர் சொல்வதை, செருப்புக்கு நம்பலாம். இதற்குக் கூடாது.

* * *

புதன்கிழமை பையனிடமிருந்து ஃபோட்டோ வந்தது. எக்ஸ்டென்ஷன் ஒயர், 1,800 ரூபாய். வெள்ளை வெளேரென்று சீப்பால் வாரிவிட்ட மாதிரி நேராக நிற்கிறது. ஒப்புக்கொள்கிறேன், அழகாகத்தான் இருந்தது. மிச்சப் பணத்தில் வெளியே வைத்துக்கொள்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, அக்கா - அத்தான் கல்யாண வீடியோவிலிருந்து பாட்டி பாடின தாலாட்டு வரைக்கும் எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்துவிட்டானாம். அதை நான் சொல்லவில்லை. அவனாகச் செய்தது.

ராத்திரி அக்கா போன் செய்தாள்.

"டேய், அவன்கிட்ட என்னடா சொன்னே? நாலு நாளா அந்தப் பெட்டியைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கான்."

"அழகா இருக்காக்கா, பார்த்தியா?"

"என்ன அழகு? முன்னாடி மஞ்சளும் குங்குமமுமா மங்களகரமா இருந்துச்சு. இப்ப வெள்ளையா மாத்தி வெச்சிருக்கான். நாளைக்கு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பார்த்தா என்னடா நினைப்பாங்க?"